கடற்கரைப் படத்துக்கு ஏற்ற உடை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. கடற்கரையிலே படம் பிடிக்கச் செல்லும் குடும்பங்கள் பலவற்றில் இக்கணக்குப் பிழைத்துவிடுகின்றது. ஆடை முக்காற் பங்கை எடுத்துக்கொள்ள, ஆளுக்குக் காற் பங்கே எஞ்சுகின்றது.

இலங்கைக் கரையிலே நிகழ்ந்த பழைய நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்றாகும். ஒளிப்படக் கலையிலே பெரும்புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1877 இல், தாவர ஓவியராகிய மரியான் நோர்த் அம்மையார் களுத்துறையிலிருந்த அவர் இல்லத்துக்கு விருந்தினராக வந்தார். கமரன் அம்மையார் விருந்தினரின் கூந்தலை அவிழ்த்துவிட்டு, காஷ்மீரக் கம்பளித் துணியைத் தொங்கத் தொங்கப் போர்த்தி, தென்னோலைகளின் நடுவே நண்பகல் வெயிலிலே நிறுத்தி, இயல்பாக நிற்குமாறு பணித்தார். அவ்வேளை வெப்பம் 96 பாகை பாரன்ஹீட். முயற்சி கைகூடவில்லையென்று நோர்த் அம்மையார் தம் வாழ்க்கை நினைவுகளிலே நகைச்சுவையோடு எழுதியுள்ளார். கம்பளி போர்த்து வெயிலில் நிற்பவருக்கு இயல்பு எங்கிருந்து வரும்?

ஆகவே, உடையைத் தெரிவு செய்வோர் முதலில் அவ்விடத்து ஒளியையும் காற்றையும் நீரையும் எண்ணுதல் வேண்டும்.

வெண்மணல் வெயிலைத் திருப்பி வீசும். தானாக ஒளியை அளக்கும் கமரா, அவ்வெளிச்சத்தைக் கண்டு ஒளியைக் குறைத்துக்கொள்வதால் முகங்கள் கறுத்துப்போகும். முகத்துக்கேற்ப ஒளியைக் கூட்டினாலோ, வெள்ளைச் சேலையின் கொசுவமும் பூவேலையும் மணலோடு கலந்து மறைந்துவிடும். மாந்தளிர், மயிற்கழுத்து, இளங்காவி முதலிய நடுத்தர நிறங்கள் இவ்விரு குறைக்கும் இடங்கொடா. கடுஞ்சிவப்பு அருகிலுள்ள மோவாயிலும் தன் சாயலை ஏற்றும். மிக நுண்ணிய கோடுகள் இக்காலக் கமராக்களிலே இல்லாத அலைகளைத் தோற்றுவிக்கும்.

கதிரவன் நிற்கும் திசையும் கருதத்தக்கது. கொழும்புக் காலிமுகத்திடலில் மாலையிலே கடலைப் பின்னணியாகக் கொண்டு நிற்போருக்கு ஒளி முதுகுப்புறத்தேயிருந்து வரும். சேலையின் நிறம் எதுவாயினும் இருண்டே தோன்றும். மெல்லிய துணியாயின் உடலின் வடிவம் புலப்பட்டுக் கூச்சத்தை உண்டாக்கும். அங்கே சற்றுத் தடித்த பருத்தித் துணியே தக்கது. திருகோணமலை உப்புவெளியிலோ மாலை வெயில் தரைப்பக்கமிருந்து முகத்திலே விழும். நிறங்கள் உள்ளவாறே விளங்கும்.

பகல் ஏற ஏறத் தரை கடலினும் விரைந்து சூடேறுவதால், கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். மெல்லிய சேலையின் முந்தானை அக்காற்றிலே பறந்து முகத்தை மூடும். கைத்தறிச் சேலை அடங்கி நிற்கும். முந்தானையை ஊசியாற் குத்திக்கொள்ளுதலும் நன்று. உயர்ந்த குதியுள்ள பாதணி மணலிற் புதையும், வெறுங்காலே அழகு. உப்புநீர் பட்டையும் சரிகையையும் கெடுக்குமாதலால், காஞ்சிபுரச் சேலை அன்றைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், எல்லாரும் ஒரே நிறத்தில் உடுக்கவேண்டுமென்று விரும்புகின்றனர். அதன்பொருட்டு அப்பம்மாவுக்கும் மொரமொரப்பான புதுச்சேலை வாங்கப்படுகின்றது. படத்திலே அவர் கை அச்சேலையைச் சரிசெய்தபடியே இருக்கின்றது. கண் பேரப்பிள்ளைகள்பாற் செல்வதில்லை. அவர் பழகிய சேலைகளுள் ஒன்றை அவரே முதலில் எடுத்துக்கொள்ள, மற்றையோர் அதன் நிறத்துக்கு இயையத் தம் உடைகளைத் தெரிவு செய்தல் எளிது. ஒரே நிறம் வேண்டுவதில்லை. ஒன்றோடொன்று மாறுபடாத நிறங்கள் போதும்.

கடல்கடந்து பிரிந்து வாழும் குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கே நிற்கும் நாள் அரிது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலே வீட்டோடு படங்களையும் பறிகொடுத்தவர்கள், ஒரேயொரு படத்தின் அருமையை நன்கறிவார்கள். பின்னொரு காலத்தில் அப்படத்தைக் கையிலெடுக்கும் பேரன், "இது அப்பம்மா கோயிலுக்குக் கட்டும் சேலை" என்று கண்டுகொள்வானாயின், அன்றைய தெரிவு நல்ல தெரிவே.