ஆணியில் தொங்கும் மாத்திரைப் பை

(பள்ளிகொண்டா குழு உறுப்பினர் ஒருவர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



கடன், வட்டி, சேமிப்பு பற்றித்தான் இங்கே வழக்கமா பேசுவோம். இன்னைக்கு நம்ம வீட்டு ஆணியில் தொங்குகிற மாத்திரைப் பை பற்றிப் பேச வந்திருக்கேன்.

என் மாமியார் இறந்த பிறகு அவங்க சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போட எனக்கு மனசு வரலை. ஒரு நாள் மூணு வயசுப் பேரன், மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கிட்டான். வியர்த்துக் கொட்டி மயங்கிட்டான். 108-க்கு போன் செய்தோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தாங்க. தப்பு என்னுடையது. பெரியவங்களுக்கு மருந்தா இருக்கிற ஒரே மாத்திரை, சின்னப் பிள்ளைக்கு உயிராபத்தா ஆகலாம்.

சரி, அப்படியே குப்பையில் போட்டால் போதுமா? போதாது. 2010-இல் சென்னையில், கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போன காலாவதி மருந்துகளை எடுத்து, தேதியை மாற்றி மறுபடியும் விற்றது வெளியே வந்தது.

பாலாற்றில் வீசலாமா? தோல் கழிவால் கெட்ட நம்ம ஆற்றுக்காக 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அதே ஆற்றில் நாமே மருந்தைக் கொட்டலாமா? ஆன்டிபயாடிக் மருந்து தண்ணியில் கலந்தால் கிருமிகள் அதுக்குப் பழகிடும். பிறகு அதே மருந்து நமக்கு வேலை செய்யாது.

அப்போ என்ன செய்யணும்?

1. மாதம் ஒரு முறை மருந்துப் பையைப் பிரித்துத் தேதி பாருங்க. மீதி மருந்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீங்க.

2. காலாவதியானதைத் தனிக் கவரில் போட்டு, "இது மருந்து" என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்க. 2016-ஆம் ஆண்டு விதிகளே இதை வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்தன. ஊசியைக் கெட்டியான டப்பாவில் மூடிக் கொடுங்க.

3. குப்பை வண்டி வராத ஊரில், மாத்திரையை அட்டையிலிருந்து எடுத்து, பொடியாக்காமல், பழைய டீத்தூளோடு கலந்து, கவரில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்க. காலி அட்டையை வெட்டிப் போடுங்க.

4. எரிக்காதீங்க. கழிப்பறையிலும் கொட்டாதீங்க. மார்ஃபின் போன்ற 17 கடுமையான மருந்துகளுக்கு மட்டும் 2025-இல் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு விதிவிலக்குச் சொன்னது. அப்படி இருந்தால் மருந்தாளுநரைக் கேட்டுச் செய்யுங்க.

5. குழந்தை விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-ஐக் கூப்பிட்டு, மருந்து அட்டையையும் கையோடு எடுத்துப் போங்க.

கேரளாவில் 2025-இல் கோழிக்கோட்டில், வீட்டுப் பழைய மருந்தைச் சேகரிக்க 'என்-ப்ரவுட்' என்ற திட்டத்தை அரசே தொடங்கியது. பள்ளிகொண்டாவிலும் ஒரு சேகரிப்புப் பெட்டி வைக்கச் சொல்லி, பேரூராட்சிக்கு மனு கொடுக்க இன்றே தீர்மானம் போடுவோம்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்தப் பையை இறக்குங்க, சகோதரிகளே.