காத்திருக்கும் கண்

தியானம் என்றவுடன் கண்ணை மூடுவதையே நாம் நினைக்கிறோம். புகைப்படக் கலையோ கண்ணைத் திறந்து வைத்தாலன்றி நடைபெறாது. மூடிய கண்ணுக்குரிய அமைதி திறந்த கண்ணுக்கும் வாய்க்குமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் சித்தூர் வட்டத்து நல்லேப்பிள்ளியிலேயே தொடங்கலாம். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நிற்க, இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. பெருமலைத் தொடர் குறுக்கே நில்லாமையால் காலைக் கதிரும் மாலைக் கதிரும் நெல்வயலின்மீது தாழ்ந்து படிகின்றன. வரப்பில் நிற்கும் பனையின் நிழல் வயலைக் கடந்து நீளுகிறது. நாள்தோறும் இதனைக் கடந்து செல்கிறோம். ஆயினும் ஒருநாளேனும் நின்று கண்டோமா?

நின்று காண்பது எத்தகையது என்பதற்குத் திருவண்ணாமலையில் நல்ல சான்று உண்டு. ரமண மகரிஷியின் திருவுருவப் படம் இன்று எண்ணற்ற இல்லங்களில் இருக்கிறது. அத்தகைய படங்களுள் பல, சென்னை மருத்துவர் டி. என். கிருஷ்ணசாமி எடுத்தவை. அவர் புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர், அன்பர். ஒருநாள் வந்து படமெடுத்துக்கொண்டு போனவரும் அல்லர். பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வந்தவர். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப நோக்குவது ஜபத்தை ஒத்தது. ஜபத்தில் சொல் மாறுவதில்லை, சொல்பவரே மாறுகிறார்.

இரண்டாம் சான்று, சில நாட்களே அங்குத் தங்கிய ஒருவருடையது. 1950 ஏப்ரலில், மகரிஷி நோயுற்றிருந்த இறுதி நாட்களில், பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அங்கு வந்து அவரைப் படமெடுத்தார். ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு, ஒளிவாலுடன் ஒரு விண்மீன் வானில் மெல்ல நகர்ந்து அருணாசலத்தின் உச்சியில் மறைந்ததை அவர் கண்டார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார், மணி 8.47. மகரிஷி உடல் துறந்த நேரமும் அதுவே. அந்த விண்மீனை நாம் அறிவது அவர் எடுத்த படத்தினால் அன்று. அவர் கூறிய சொல்லினால். நொடிப்பொழுதைப் பிடிப்பதில் உலகப் புகழ் பெற்ற அந்தக் கண்ணும் அவ்விரவில் வெறுமனே பார்த்து நின்றது.

ஜப்பானிய வில்வித்தையைப் பற்றி ஜெர்மானியரான ஹெரிகல் 1948 இல் வெளியிட்ட நூலை அவர் பெரிதும் போற்றினார். ‘நான் எய்கிறேன்’ என்ற எண்ணம் கழன்ற பிறகே அம்பு செம்மையாக விடுபடும் என்பது அந்நூல் காட்டும் நெறி. அவர் பிளாஷ் விளக்கை நாடாதவர். இருக்கும் ஒளியே போதும் என்றிருந்தவர். காட்சியை வற்புறுத்தாமல் அதற்குக் காத்திருந்தார் எனலாம்.

இந்தக் காத்திருத்தலே இன்று நம்மைவிட்டு நழுவி வருகிறது. பிலிம் சுருளில் 36 படங்கள் என்ற எல்லை இருந்தது. ஆகவே ஒவ்வொரு படத்திற்கும் முன் ஒரு சிந்தனை இருந்தது. கைப்பேசியில் அவ்வெல்லை இல்லை. கோயிலில் திரை விலகித் தீபாராதனை நடக்கும்போது, கூப்ப வேண்டிய கைகள் கைப்பேசியை உயர்த்துகின்றன. இறைவனைக் காண்பதோடு இறைவனால் காணப்படுவதும் தரிசனம் அன்றோ? நாம் கருவிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் நம்மைக் காண்பவர் யார்?

அதனினும் கடுமையான சோதனை ஒன்று வயலில் இருக்கிறது. குனிந்து நாற்று நடும் பெண்மணி நமக்கு அழகிய காட்சியாகத் தோன்றலாம். அவருக்கோ அது முதுகுவலி, அன்றைய கூலி. அவரிடம் கேளாமல் படமெடுப்பது கண்ணால் செய்யும் களவு. கேட்டபின் அவர் வேண்டாமென்றால், மனக்கசப்பின்றிக் காமிராவைத் தாழ்த்துவதே தவம். நல்ல படத்தை எடுக்கும் திறமையைவிட, எடுக்காமல் விடும் வலிமை அரியது.

காமிராவே ஞானம் தந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஜபமாலையும் கையில் வெறும் மணிகளாகவே இருந்துவிடக் கூடும். ஆயினும் விருப்பமுடையோர் இதனைச் செய்து பார்க்கலாம். உங்கள் ஊரில் ஒரு பனையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏழு நாட்கள் அதே இடத்தில், அதே வேளையில், கால்மணி நேரம் நில்லுங்கள். நாளொன்றுக்கு ஒரே படம், அதுவும் இறுதியில். முதல்நாள் மரம் தெரியும். அடுத்து ஒளியும் காற்றும் தெரியும். பிறகு நம் மனத்தின் பரபரப்பே தெரியத் தொடங்கும். அதனையும் விரட்டாமல் பார்த்திருங்கள்.

ஏழாம் நாள் படமெடுக்கத் தோன்றாமலே வீடு திரும்பினால், அதனை இழப்பென்று கருத வேண்டா. கண் தன் வேலையைக் கற்றுக்கொண்டது என்று மகிழலாம்.