பதினொன்றரை மணிக்கு மட்டும் கடிக்கிற பிள்ளை

முன்வரிசையில் மிட்டாய் மென்றபடி என்னை முறைக்கிற குட்டிப் பெருமக்களே!

இன்று நவம்பர் 14. நேரு மாமாவைப் பற்றி எனக்கு முன்னால் நாலு பேர் பேசிவிட்டார்கள். இதே தேதியில் பிறந்த இன்னொருவர் உண்டு. கனடாக்காரர் பாண்டிங். 1921-இல் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் முதல்வர். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டாலர்! தட்டுங்கள், அந்தக் கைதட்டல் அவர்களுக்கு.

என் பேத்திக்கு ரெண்டரை வயசு. டைப் 1 சர்க்கரை. கடிப்பாள், அடிப்பாள், தட்டை வீசுவாள். "தாத்தா செல்லம்" என்றது ஊர். "வேற இடம் பாருங்க சார்" என்றது பள்ளி. பேர் சொல்ல மாட்டேன். அங்கே கூட்டிப் பெருக்குகிற ஓர் ஆயாதான் கேட்டார்: "ஐயா, பாப்பா தினம் பதினொன்றரை மணிக்குத்தானே கடிக்குது? கழுத்தெல்லாம் ஏன் வேர்த்து ஊத்துது?"

விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 52! எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூளைக்குச் சர்க்கரை போதவில்லை, "மயக்கமா வருது தாத்தா" என்று சொல்ல அவளுக்குப் பேச்சு வரவில்லை, பல்தான் பேசியது. டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஆயா மடியிலேயே தூங்கிப்போனாள்.

இந்த நோய் இனிப்பு தின்றதால் வந்ததாம், சொல்கிறார்கள்! உடம்பின் காவல்படையே கணையத்தைத் தாக்கினால் லட்டு என்ன செய்யும்? "இலைச்சாறு குடி, இன்சுலின் ஊசியை நிறுத்து" என்று செல்போனில் முழங்குகிற மகான்களே, உங்கள் பேரனுக்கு முதலில் நிறுத்திக் காட்டுங்கள் பார்ப்போம்! நிறுத்தினால் பிள்ளை உயிர் தங்காது. சரி, அவர்களை விடுங்கள். விட மனசு வரவில்லை, ஆனாலும் விடுகிறேன்.

எல்லா அடமும் சர்க்கரை இறக்கமல்ல. அளவு சரியாக இருந்தால் அது வெறும் அடம்தான், மசியாதீர்கள். ஊசி கட்டாயம், எந்தத் தொடை என்பது பாப்பா இஷ்டம். "சேட்டை பண்ணா ஊசி" என்று மட்டும் மிரட்டாதீர்கள். ஊசிதான் அவள் சோறு. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த ஆயா இதோ கடைசி வரிசையில் இருக்கிறார். பேர் சொல்லக் கூடாதென்று கட்டளை. நான் கேட்பது ஒன்றுதான்: சர்க்கரை உள்ள பிள்ளை கடித்தால், ஓங்கிய கையை இறக்கி அதன் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.