நிழலைப் பார்த்து எண் சொல்லலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் மலருக்காக மூத்த உறுப்பினர்களைப் படம் எடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். "எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு, நீ ஏன் இந்தப் பழைய பெட்டியைத் தூக்கிட்டு அலையிற?"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

மலர் வேலை தொடங்கியபோது, நம்மை விட்டுப் போன உறுப்பினர்களின் படம் தேடி வீடு வீடாகப் போனோம். பல வீடுகளில் கிடைத்தது வாக்காளர் அட்டையில் இருக்கிற படம்தான். அதையே பெரிசாக்கி, மாலை போட்டு மாட்டியிருக்காங்க. வருசக்கணக்காகக் குழுவை நடத்திய ஓர் அம்மாவுக்குத் தனக்கென்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில் பின்வரிசை, குழுக் கூட்டப் படத்தில் பாதி முகம். செல்போனில் எடுத்தது இருந்ததாம், போன் கெட்டபோது அதுவும் போச்சு. நெகட்டிவ் அப்படி இல்லை. ஈரம் படாமல் உறையில் போட்டு வைத்தால், பேரப்பிள்ளை காலத்திலும் பிரிண்ட் போடலாம். இருக்கிறவங்களையாவது ஒழுங்காக எடுத்து வைக்கணும் என்பதுதான் என் எண்ணம்.

இந்தக் கேமரா என் மாமனாருடையது. ஸ்டூடியோ வைத்திருந்தார். யாஷிகா டி என்று பெயர், ஜப்பானில் செய்தது. முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண். இடுப்பு உயரத்தில் வைத்து, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்கணும். ஒரு பிலிமுக்குப் பன்னிரண்டே படம். பிலிம் விலை, கழுவுற கூலி எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிடுது. அதனால் சும்மா அமுக்க முடியாது.

இதில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. செல்போன் தானே அளந்து தானே எடுக்கும். இதில் நாம்தான் சொல்லணும். சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, லென்ஸுக்குள் இருக்கிற துவாரம் எவ்வளவு திறக்கணும். இன்னொன்று, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும். தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிசாகத் திறந்தால் குடம் சீக்கிரம் நிறையும். ஒழுக விட்டால் நேரமாகும். எப்படியானாலும் குடம் நிறையணும், வழியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

துவாரத்துக்கு 4, 5.6, 8, 11, 16 என்று எண் இருக்கும். எண் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும். ஒவ்வொரு எண்ணுக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும். 100 வேகமுள்ள பிலிம் போட்டு, ஷட்டரை 125-ல், அதாவது ஒரு விநாடியில் 125-ல் ஒரு பங்கு நேரத்தில் வைத்துவிட்டால், மீதியை நிழல் சொல்லிவிடும். நல்ல வெயில், நிழலின் ஓரம் கத்தி மாதிரி வெட்டினாற்போல் இருந்தால் 16. ஓரம் கொஞ்சம் மங்கினால் 11. நிழல் இருக்கா இல்லையா என்கிற அளவில் தெரிந்தால் 8. மேகம் மூடி நிழலே விழவில்லை என்றால் 5.6. திண்ணை நிழலில் ஆளை உட்கார வைத்தால் 4. வெயிலுக்கு 16 என்கிற கணக்கு உலகம் முழுக்கப் படம் எடுக்கிறவர்கள் கைக்கொண்டதுதான்.

முதல் ஒரு மாதம் மாமனார் பிலிமே போடவில்லை. காலை, மதியம், சாயங்காலம் என்று வாசலில் நிற்க வைத்து, "நிழலைப் பாரும்மா, எண்ணைச் சொல்லு" என்பார். நான் சொன்ன பிறகு அவர் சொல்வார். இரண்டையும் நோட்டில் எழுதணும். நம் குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிற மாதிரி தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது, என்ன எண் என்று எழுதினேன். மாதக் கடைசியில் இரண்டு பேர் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக வந்தது. பிறகுதான் பிலிம் கையில் கொடுத்தார்.

அவர் சொன்ன இன்னொரு பாடம்: "சந்தேகம் வந்தா கொசுறு போடு." நெகட்டிவில் வெளிச்சம் ஒரு பங்கு கூடிப்போனால் பிரிண்ட் போடும்போது சரிசெய்யலாம். குறைந்துபோனால் இருட்டில் இருந்த கண்ணும் கன்னமும் பதியவே பதியாது. பதியாததை எந்தக் கடைக்காரராலும் கொண்டுவர முடியாது.

இதில் நமக்கு ஒரு முக்கியமான விசயம் இருக்கு. வெள்ளைச் சேலை கட்டிய கறுத்த பாட்டியைப் படம் எடுத்தால் முகம் இருட்டாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டி நிறத்தின் மேல் பழி போடுவாங்க. நிறம் என்ன செய்யும்? கருவி, பொருள் மேல் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்குது. வெள்ளைச் சேலையைப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா" என்று குறைத்துவிடுது. முகம் இருண்டுபோகுது. நிழலைப் பார்த்து எண் சொல்கிறவர் ஆள் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார். சேலை வெள்ளையோ கறுப்போ, எண் மாறாது. முகம் முகமாகவே வரும். செல்போனிலும் இதைச் செய்யலாம். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். குழுப் பொருட்களை விற்பனைக்குப் படம் எடுக்கும்போதும் உச்சி வெயிலில் வைக்காமல் திண்ணை நிழலில் வைத்து எடுங்கள்.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை"ன்னும் சிலர் கேட்டாங்க. 1913-ல் பிறந்த ஹோமாய் வியாரவாலா என்கிற அம்மா நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை கட்டிக்கொண்டு, கேமராவோடு சைக்கிளில் டெல்லியைச் சுற்றி வந்தவர். சுதந்திரம் வந்த காலத்து டெல்லியை நாம் பார்க்கிற படங்களில் பல அவர் எடுத்தவை. 2011-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அவர் கையில் இருந்த கேமராக்களும் தானாக அளந்து சொல்லவில்லை. அவர் கண்தான் அளந்தது.

நாம் மட்டும் என்ன, அளக்கத் தெரியாதவர்களா? பாகு பதம் விரலால் பார்க்கிறோம். உலைத் தண்ணீர் கண்ணால் அளக்கிறோம். நாற்றைப் பார்த்தே நடவுக்கு ஆச்சா என்று சொல்கிறோம். வெளிச்சமும் அப்படித்தான். தினம் பார்த்து, எழுதி வைத்தால் வந்துவிடும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். அறுபது வயது தாண்டிய உறுப்பினர்களின் பட்டியலை ஒவ்வொரு குழுவும் இந்த மாதக் கூட்டத்திலேயே எழுதிக் கொடுங்கள். காலை எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார வைத்தால் போதும், நான் வந்து எடுக்கிறேன். இரண்டாவது, கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பெண்பிள்ளைகள் இருந்தால் ஒரு நோட்டோடு அனுப்புங்கள். கேமரா என்னிடம் இருக்கு. நிழல் எல்லார் வாசலிலும் இருக்கு.