தொப்புள்கொடி இரத்தம் யாருக்கு உதவும்?



தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைச் சொல்ல வரும்போது 'தொப்புள்கொடி உறவு' என்றே நாம் சொல்லுகிறோம். அந்தக் கொடியில் காய்ந்து விழும் சிறு துண்டைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆனால் கொடியை அறுத்த பின், அதிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கியிருக்கும் இரத்தத்தைப் பற்றி நம் பாட்டிமார் காலத்தில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தோட்டத்து மருத்துவச்சி அதை நஞ்சுக்கொடியோடு சேர்த்து மண்ணில் புதைத்துவிடுவார். இன்றோ அந்த இரத்தத்திற்கு விலை பேசுகிறார்கள். ஆகவே அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை நாம் தெளிவாக அறிந்து வைத்திருப்பது நல்லது.

நம் உடம்பில் ஓடும் இரத்தத்தை எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவை மூல உயிரணுக்கள். மருத்துவர்கள் இவற்றை 'ஸ்டெம் செல்' என்பார்கள். தொப்புள்கொடி இரத்தத்திலும் இந்த மூல உயிரணுக்கள் நிறைய உண்டு. பிள்ளை பிறந்து, கொடியை அறுத்த பிறகு, ஊசி வழியாக அந்த இரத்தத்தை ஒரு பையில் எடுக்கிறார்கள். தாய்க்கும் வலியில்லை, பிள்ளைக்கும் வலியில்லை. பிறகு அதைச் சோதித்து, பூஜ்யத்திற்குக் கீழே 196 பாகை குளிரில் உறைய வைக்கிறார்கள்.

இது எப்படி நோயைத் தீர்க்கிறது? தோட்டத்தில் மறுநடவு செய்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பழுதான மரங்களை வெட்டிச் சாய்த்து, நிலத்தைச் சுத்தம் செய்து, நல்ல கன்றுகளை நடுகிறோம். அதைப் போலத்தான், நோயுற்ற மஜ்ஜையைக் கடுமையான மருந்தினால் அழித்துவிட்டு, நல்ல மூல உயிரணுக்களை இரத்த நாளத்தின் வழியே செலுத்துகிறார்கள். அவை எலும்புக்குள் போய்த் தங்கி, சில வாரங்களில் புது இரத்தத்தை உண்டாக்கத் தொடங்குகின்றன.

1988 ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து செயின்ட் லூயி மருத்துவமனையில், எலியான் குளுக்மன் என்ற பெண் மருத்துவர் இதை முதன்முதலில் செய்து காட்டினார். மஜ்ஜை கெட்டுப்போகும் 'ஃபான்கோனி' என்னும் பரம்பரை நோயால் வாடிய ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது அமெரிக்காவில் எடுத்து உறைய வைத்த கொடி இரத்தத்தைப் பாரிசுக்குக் கொண்டுபோய்ச் செலுத்தினார்கள். அவன் பிழைத்து, வளர்ந்து, பெரியவனானான். அதன் பிறகு உலகெங்கும் 40,000-க்கும் மேற்பட்ட தடவை இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்கு இது கைகொடுத்திருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிறுவனைக் காப்பாற்றியது அவனுடைய சொந்தக் கொடி இரத்தம் அன்று, தங்கையின் இரத்தம். பரம்பரையாக வரும் நோய்க்குப் பிள்ளையின் சொந்தக் கொடி இரத்தம் உதவாது. விதையிலேயே சொத்தை இருந்தால், அதே விதையை மறுபடியும் நட்டு என்ன பயன்? தலசீமியாவோடு பிறந்த பிள்ளையின் கொடி இரத்தத்திலும் அதே குறை இருக்கத்தான் செய்யும்.

அப்படியிருக்க, "உங்கள் பிள்ளையின் எதிர்காலத்திற்கு இது காப்புறுதி" என்று சொல்லி, தனியார் நிறுவனங்கள் கர்ப்பிணிப் பெண்களை அணுகுகின்றன. கட்டணம் ஆயிரக்கணக்கான வெள்ளி. நம் முன்னோர் தாயத்தில் கொடியை வைத்ததும் இதற்காகத்தான் என்று கூடச் சிலர் கதை சொல்லுகிறார்கள். காய்ந்த கொடியில் உயிருள்ள அணு ஒன்றும் மிஞ்சுவதில்லை. தாயத்து நம்முடைய பாசத்தின் அடையாளம். அதை மருந்தாகக் கருத முடியாது. பிள்ளையின் சொந்த உபயோகத்திற்காகக் கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டியிலே கூறியிருக்கிறது. சேமித்து வைத்தாலும் பத்திரமாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2023 நவம்பரில், சிங்கப்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கலனில் குளிர் சரியாகக் காக்கப்படாததால் ஏறக்குறைய 2,200 இரத்தப் பைகள் பழுதாகிவிட்டன என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது.

ரெம்பியா சந்தையில் ஒரு கிலோ மீன் வாங்கும்போது கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் காசைக் கொடுக்கிறோம். ஆயிரம் வெள்ளிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு கேள்வி கேட்பதில் தவறில்லை.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று காரியங்கள் உண்டு.

முதலாவது, கொடி இரத்தத்தின் முதல் சொந்தக்காரர் பிறந்த பிள்ளைதான். பிள்ளை பிறந்தவுடனே கொடியை அறுக்காமல், ஒரு நிமிடமாவது காத்திருந்து அறுப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அந்த நேரத்தில் கொடியிலிருந்து பிள்ளைக்குப் போய்ச் சேரும் இரத்தம், ஆறு மாதம் வரை இரும்புச் சத்துக்கு உதவும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு முன்பே மிஸ்ஸியிடமும் டாக்டரிடமும் இதைப் பற்றிப் பேசி வைக்கலாம்.

இரண்டாவது, வீட்டில் ஏற்கனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியாவோ இரத்தப் புற்றுநோயோ இருந்து, தாய் மறுபடி கர்ப்பமாக இருந்தால், அதைத் தொடக்கத்திலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவருக்கு முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தகைய குடும்பத்திற்குக் கொடி இரத்தம் உண்மையிலேயே உயிர் காக்கும் பொருளாகலாம். பிள்ளை பிறந்த பிறகு சொன்னால் காலம் கடந்துவிடும்.

மூன்றாவது, தானம். உடன்பிறந்தவர் பொருந்தாத நோயாளிகள், முன்பின் அறியாத ஒருவரின் தானத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனத்தாரிடையேதான் கிடைக்கிறது. உலகப் பதிவேடுகளில் வெள்ளையர்களே மிகுதி. நம்மவர் மிகக் குறைவு. ஆகவே ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பொருத்தம் தேடும்போது பட்டியல் சுருங்கிவிடுகிறது. பொதுச் சேமிப்புக்குக் கொடி இரத்தத்தை வாங்கும் வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. இருக்கும் இடத்தில் பிள்ளை பெறுபவர்கள் கேட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் மஜ்ஜைத் தானத்திற்குப் பெயர் பதிந்துகொள்ளலாம். நம் நாட்டில் அதற்கென்று 2000 ஆம் ஆண்டு தேசிய அளவில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது.

நேயர்களே, நமக்கென்று பூட்டி வைக்கும் கொடி இரத்தம் பெரும்பாலும் பயன்படாமலே கிடக்கிறது. பொதுவில் கொடுத்தது எங்கோ ஒரு வீட்டுப் பிள்ளையைப் பிழைக்க வைக்கிறது. அந்தப் பிள்ளை நாளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம் அல்லவா?