பயணத்துக்கு முன் ஒரு காப்பு

சித்தூர்ச் சீமையில் மாம்பழம் விளைவதும், அந்தப் பழத்தைக் கூழாக்கித் தகரங்களில் அடைத்துக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்புவதும் நீங்கள் அறிந்ததே. பழக்கூழ் மட்டுமன்று, அத்தொழிலைக் கற்ற நம் இளைஞர்களும் இன்று கடல் கடந்து செல்கிறார்கள். அத்தகைய இளைஞர் ஒருவர் சில காலத்துக்கு முன் என்னிடம் வந்தார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கானா நாட்டில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. விமானச் சீட்டும் கைக்கு வந்துவிட்டது. புறப்பட ஐந்தே நாட்கள் இருந்தன. அப்போதுதான், மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டதற்கான அத்தாட்சி இல்லாமல் அந்நாட்டுக்குள் நுழைய இயலாது என்பது அவருக்குத் தெரிய வந்தது.

ஊசி போட்டுக்கொள்ள அவர் தயாராகவே இருந்தார். ஆனால் ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாட்கள் கழிந்த பிறகே அத்தாட்சி செல்லுபடியாகும். இதற்கிடையில் தரகர் ஒருவர், முன்தேதியிட்டு ஒரு மஞ்சள் புத்தகத்தை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். இளைஞர் என்னைக் கேட்டார்: "ஐயா, நான் ஆரோக்கியமாகத்தானே இருக்கிறேன்? ஒரு தேதியை மாற்றி எழுதுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?"

அந்தக் கேள்விக்கு நான் அவருக்குச் சொன்ன விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். மஞ்சள் காய்ச்சல் என்பது நாம் சாதாரணமாகக் காணும் மஞ்சள் காமாலையன்று. காமாலை பல காரணங்களால் வரும். மஞ்சள் காய்ச்சலோ ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வெப்ப மண்டலப் பகுதிகளில் வழங்கும் ஒரு வைரஸ் நோய். கொசுவினால் பரவுவது. நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுவார்கள். ஒரு சிலருக்கு மட்டும் காய்ச்சல் தணிந்ததுபோல் தணிந்து மீண்டும் மூண்டு எழும், கண்ணும் தோலும் மஞ்சளாகும், இரத்தப்போக்கு உண்டாகும். அந்நிலையை எட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைப்பதில்லை. வைரஸை அழிக்கும் தனி மருந்தும் இதற்கு இல்லை. ஆகவே, வருமுன் காப்பது ஒன்றே வழி.

அந்தக் காப்பை உலகுக்கு அளித்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த மாக்ஸ் தைலர் என்ற விஞ்ஞானி. அவரும் அவர் குழுவினரும் 1937-இல் கண்டறிந்த தடுப்பு மருந்துக்காக 1951-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வலிமை குன்றிய உயிருள்ள வைரஸே அம்மருந்து. அது உடலில் புகுந்து, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி வளர்ப்பதற்குப் பத்து நாட்கள் வரை பிடிக்கிறது. அத்தாட்சிக்குப் பத்து நாள் காத்திருக்கச் சொல்வது அதிகாரிகளின் பிடிவாதமன்று. உடல் தன் வேலையை முடிப்பதற்கு வேண்டிய அவகாசம் அது. தரகரால் தேதியை மாற்ற முடியும். இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை எழுதித்தர முடியுமா?

இது பயணியின் நன்மை. ஊரின் நன்மை இன்னும் பெரிது.

பாரத நாட்டில் மஞ்சள் காய்ச்சல் இதுவரை வேரூன்றியதில்லை. ஆனால் அதனைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தொட்டியிலும், தேங்காய்ச் சிரட்டையிலும், பழைய டயரிலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. டெங்குக் காய்ச்சலைத் தருவதும் அதே கொசுதான். விறகு அடுக்கியிருக்கிறது, நெருப்பு மட்டும் வரவில்லை என்று சொல்லலாம். நோய்க் கிருமியை உடலில் தாங்கி ஒருவர் திருப்பதிக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர்கள் வந்து போகும் ஊர் அது. அங்கே ஒரு கொசு கடித்துப் பற்றவைக்கும் நெருப்பு எத்தனை ஊர்களுக்குப் போய்ச் சேரும்!

இதனால்தான் அந்நோயுள்ள நாடுகளிலிருந்து அத்தாட்சியின்றி வருவோரை நம் அரசாங்கம் ஆறு நாட்கள் வரை தனியே வைத்துக் கண்காணிக்கிறது. கொசு கடித்த மூன்று முதல் ஆறு நாட்களுக்குள் காய்ச்சல் வெளிப்படும் என்பதே அக்கணக்கு. இது நமக்குப் புதிதன்று. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பின் ஊர் எல்லையைத் தாண்டலாகாது என்று நம் பெரியோர் வகுத்த வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். திருப்பதியில் கங்கையம்மன் ஜாத்திரை கோடையின் உச்சத்தில் நடப்பதும் வெப்பு நோய்களிலிருந்து ஊரைக் காக்கும்படி வேண்டித்தான். ஒருவர் நோய் ஊரார் நோயாகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899-இல் நிறுவப்பட்டது. சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் இருந்த அக்காலத்தில் அம்மைப்பால் தயாரிப்பதே அதன் முதற்பணி. அம்மை குத்துபவர் வருகிறார் என்றால் குழந்தைகளை ஒளித்துவைத்த தாய்மார்கள் உண்டு. ஆயினும் அந்த ஊசி வென்றது. பெரியம்மை 1975-இல் நம் நாட்டை விட்டு அகன்றது. 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்று பயணிகளிடம் பெரியம்மை அத்தாட்சியை எவரும் கேட்பதில்லை. பலர் பொறுப்புடன் ஊசி போட்டுக்கொண்டதன் பயனே இது.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பயணம் உறுதியானவுடன், குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காணுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியை அரசாங்கம் அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு. எந்த நாட்களில் ஊசி போடுகிறார்கள் என்பதை முன்கூட்டி விசாரித்து, பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை போட்டுக்கொண்டால் அந்த அத்தாட்சி ஆயுள் முழுவதும் செல்லும்; 2016 ஜூலை முதல் இது உலக விதி. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், அறுபது வயதைக் கடந்தவர்கள், முட்டை ஒவ்வாதவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஆகியோர் விஷயத்தில் மருத்துவரின் ஆலோசனை இன்றியமையாதது.

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஆகியவற்றுக்கும் ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். ஹஜ் யாத்திரை செல்லும் அன்பர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். மலேரியாவுக்கோ பயணிகள் நம்பியிருப்பது மாத்திரையையும் கொசுவலையையும்தான். மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் மருத்துவர் சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும். ஊர் திரும்பியபின் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அந்த இளைஞர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவர் தரகரை அனுப்பிவிட்டார். மறுநாளே சென்னைக்குச் சென்று முறையாக ஊசி போட்டுக்கொண்டு, பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். சீட்டை மாற்றியதில் கொஞ்சம் பணம் செலவாயிற்று. வேலை கைவிட்டுப் போகவில்லை. "நஷ்டம் யாருக்கு என்று கேட்டேன் ஐயா, இப்போது தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடல் கடந்து போகிறவர் பெட்டியில் எத்தனையோ பொருள்களை அடுக்கிக்கொள்கிறார். இந்தக் காப்பை உடலில் ஏந்திக்கொண்டு புறப்படுவாராயின், போன இடத்திலும் அவருக்கு நலம். திரும்பிவரும் ஊருக்கும் நலம்.