காமன் பொட்டலில் இந்த மாசிக்கு என்ன செய்வது?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சம்பள விசயமும் பீலித் தண்ணீர் விசயமும் பேசி முடித்துவிட்டோம். மிச்சம் இருப்பது மாசித் திருவிழா. வீட்டுக்கு வீடு சேர்க்கும் காசில் காமன் கூத்து வைப்பதா, டவுனிலிருந்து சவுண்ட் செட் எடுத்துப் பாட்டுப் போட்டு ஆடுவதா? போன வாரம் இதற்காக இஸ்தோப்பு இஸ்தோப்பாகச் சண்டை. "டீச்சர், நீங்க படிச்சவங்க, ஒரு முடிவு சொல்லுங்க" என்று கேட்டார்கள். முடிவு உங்களுடையது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் முதலில் சொல்கிறேன்.

புவியியலில் மனிதரைப் பற்றிப் படிக்கிற ஒரு பகுதி இருக்கிறது. அதில் நாட்டார் பண்பாடு, வெகுசனப் பண்பாடு என்று இரண்டைப் பிரித்துச் சொல்வார்கள். பெயர்தான் பெரிது, விசயம் நமக்குத் தெரிந்தது. நாட்டார் பண்பாடு இடத்துக்கு இடம் மாறும், காலத்தால் மெதுவாகத்தான் மாறும். வெகுசனப் பண்பாடு காலத்துக்குக் காலம் மாறும், இடத்துக்கு இடம் அவ்வளவாக மாறாது.

நம் மேல் டிவிசனையும் கீழ் டிவிசனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாசி வளர்பிறையில் இரண்டு இடத்திலும் காமன் ஊன்றுகிறோம். மன்மதன், ரதி, சிவன், தூதன் இரண்டிலும் வருவார்கள். ஆனால் மேலே பாடுகிற மெட்டு கீழே இல்லை. கீழே குறவன் குறத்தி வந்து சிரிக்க வைப்பதுபோல் மேலே கிடையாது. ஒரு மலை தாண்டினால் கூத்து வேறு. ஆனால் அதே பொட்டலில் தாத்தா பார்த்ததுதான் பேரன் பார்ப்பதும். சினிமாப் பாட்டு அப்படியா? வெள்ளிக்கிழமை வந்த பாட்டு சென்னையிலும் கொழும்பிலும் ஹட்டன் பஸ்ஸிலும் ஒரே நாளில் ஒரே மாதிரி கேட்கும். போன தீபாவளிக்கு ஆடிய பாட்டை இந்தத் தீபாவளிக்கு யாரும் கேட்பதில்லை.

இரண்டும் பயணப்படுகிற விதமும் வேறு. 1820களில் கோப்பித் தோட்டத்துக்கென்று நம் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அதன் 200 வருச நினைவாகத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அன்று நடந்தவர்கள் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் புத்தகத்தில் கட்டி எடுத்து வரவில்லை. வாயில், மனதில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கொழுந்துக் கூடையும் பாட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். சினிமாப் பாட்டு வருவதற்கு ஆள் நடக்க வேண்டியதில்லை. 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கியது. பிறகு கேசட் வந்தது, இப்போது போன்.

ஆளோடு வந்தது ஆளோடு போய்விடும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் வேசம் கட்டியவர்களும் இருந்தார்கள், தப்பு அடித்தவர்களும் இருந்தார்கள். இன்று பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். நம் கூத்து வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. கொப்பியில் எழுதி வைத்திருப்பது பாதிதான், மீதி அவர் தொண்டையில் இருக்கிறது.

இதைச் சொல்வதால் பழசெல்லாம் நல்லது என்று நினைக்காதீர்கள். கூத்து மாறாமல் இருந்ததற்கு ஒரு காரணம், நாம் அடைபட்டுக் கிடந்தது. ரோட்டுக்குப் போக மைல் கணக்கில் நடக்க வேண்டும். 1948 சட்டம் பிரசாவுரிமையைப் பறித்தது. அந்த அடைப்பு யாருக்கும் வேண்டாம். பிள்ளைகள் வெளியே போய்ப் படிக்கட்டும், நல்ல பாட்டும் கேட்கட்டும். நானும் கேட்கிறேன்.

கூத்துக்குள்ளும் அநியாயம் இருக்கிறது. விடியற்காலையில் எல்லோரையும் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்பு, திருவிழாவை நடத்தியதும் தப்பு. ஆனால் அதை அடித்த குடும்பத்தை நாம் எங்கே உட்கார வைத்தோம்? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரதி வேசம் கட்ட ஆசைப்பட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் லயத்து மாமா ஒருவர் சேலை கட்டி ரதியாகப் புலம்பினார். நான் காம்பராவுக்குள் தனியாக அதே பாட்டைப் பாடிப் பார்த்தேன்.

அப்படியானால் கூத்து எதற்கு? சவுண்ட் செட்டுக்கு நாம் காசு கொடுத்தால் போதும். கூத்துக்கு ஆட்கள் கூட வேண்டும். பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டும், ராத்திரியில் ஒத்திகைக்கு வர வேண்டும், கோபித்துக்கொண்டு போனவரை வீடு தேடிப் போய்ச் சமாதானம் சொல்லி அழைத்து வர வேண்டும். ஒரு கிளைக்கு வேண்டிய பழக்கமும் இதுதான். சந்தா கட்டிவிட்டு "தலைவர் பாத்துக்குவாரு" என்று இருந்தால் சங்கம் நடக்காது என்று நமக்குத் தெரியும்.

நம் சங்க வரலாறு பாட்டோடு சேர்ந்தது. 1931இல் தோட்டத் தொழிலாளருக்கு முதல் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், மக்கள் முன்னால் பாட்டுப் பாடித்தான் உரிமையைச் சொன்னார். தொழிற்சங்கவாதியும் 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவருமான சி.வி. வேலுப்பிள்ளை, நம் ஆட்களின் வாய்ப்பாட்டுகளைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். பாட்டு சின்ன விசயம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

போன தவணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் பாட்டி பாடுகிற ஒரு பாட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பிள்ளையின் பாட்டி, "அதெல்லாம் எதுக்குடி, வெக்கக்கேடு" என்று முகத்தை மூடிக்கொண்டாராம். ராத்திரி விளக்கணைத்த பிறகு அவராகவே பாடத் தொடங்க, பிள்ளை போனில் பதிவு செய்துவிட்டது. வகுப்பில் அதைப் போட்டோம். ஒரு சத்தம் இல்லை. போனும் நமக்கு எதிரியில்லை, எதைப் பிடித்து வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

என் கருத்தைக் கேட்டால், இந்த மாசிக்குக் கூத்து வைப்போம். ஆனால் மூன்று விசயம் சேர்த்து. தப்பு அடிக்க ஆசைப்படும் எந்த வீட்டுப் பிள்ளையும் பழகலாம்; பழக்குகிறவருக்குப் பொட்டலில் முதல் மரியாதை. பெண் பிள்ளைகளும் வேசம் கட்டலாம். வாத்தியார் சம்மதித்தால், அவர் பாட்டு முழுவதையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதிவு செய்து கொப்பியில் எழுதட்டும். காமன் தகனம் முடிந்த மறுநாள் சின்ன செட் ஒன்று எடுத்து இளைஞர்கள் ஆடட்டும், நானும் வருகிறேன்.

கை தூக்கிச் சொல்லுங்கள். கூத்து என்று முடிவானால் நாளை சாயந்தரம் ஆறு மணிக்கு வாத்தியார் வீட்டு இஸ்தோப்பில் முதல் ஒத்திகை. ரதிக்கு இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே என்னிடம் பெயர் கொடுத்துவிட்டார்கள். மன்மதனுக்குத்தான் இன்னும் ஆள் வேண்டும்.